நேர்கோடு வளைந்து தோன்றினால்

குடியாத்தத்துத் தறிகளிலும், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளிலும், பாலாற்றங்கரை வயல்களிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்களுக்குக் கண்ணே முதற்கருவி. ஆயினும், தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில், பார்வை மங்கிய முதியோர் பலர், "புரைதானே, அறுவடை முடியட்டும்" என்று நாட்களைத் தள்ளக் காண்கிறேன். புரை சிறிது காலம் காத்திருக்கும். காத்திராத நோய் ஒன்றும் உண்டு.

கண்ணின் பின்புறத்தில் உருவங்களை ஏற்கும் மெல்லிய படலம் விழித்திரை. முதுமையில் சிலருக்கு அதன் மையத்தின் அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முறைகேடாக முளைக்கின்றன. வலுவற்ற அக்குழாய்களிலிருந்து நீரும் இரத்தமும் கசியும். அதனால் நேரான பாவு இழை வளைந்து தோன்றும். எதிரே நிற்பவர் முகத்தின் நடுவே கறை தெரியும். வலி இராது. கவனியாவிடில் தழும்பு விழுந்து, நடுப்பார்வை மீளாது போகும்.

இக்குழாய்களை வளர்க்கும் புரதத்தை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் ஊசியால் செலுத்துவதே இன்றைய சிகிச்சை. 2004-ல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கென அனுமதி பெற்ற பெவாசிசுமாப் மருந்தை, 2005 முதல் மருத்துவர்கள் கண்ணுக்குள் செலுத்தலாயினர். 2006-ல் கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமாப் பன்மடங்கு விலையுள்ளது. பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறையச் சமமே என 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

மலிவின் காரணம் கூட்டுறவாளர்க்குப் புதிதன்று. பெவாசிசுமாபின் 4 மில்லிலிட்டர் புட்டியில் 100 மில்லிகிராம் மருந்துண்டு. ஒரு கண்ணுக்கு ஒரு முறை வேண்டுவது 1.25 மில்லிகிராமே. ஒரு புட்டியைப் பலருக்குப் பங்கிட்டால் செலவு குறைகிறது. ஆனால் பங்கிடுமிடம் தூய்மையற்றதாயின், ஒரு புட்டியின் கேடு பலர் கண்ணைக் கெடுக்கும். ஆகவே, விலையை மட்டும் நோக்காது முறையான கண் மருத்துவமனையையே நாட வேண்டும். 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய ஷெல் மருத்துவமனை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனையாக நம் அருகிலேயே விளங்குகிறது.

மரத்துப்போகும் சொட்டு மருந்திட்ட பின்னரே ஊசி போடுவர். சில நிமிடங்களே ஆகும். பொதுவாக முதல் மூன்று மாதங்கள் மாதம் ஒன்றாகவும், பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியிலும் தொடர வேண்டும். முதல் ஊசியில் பார்வை தெளிந்ததென்று நிறுத்துவது, பாதி நெய்த சேலையை அறுத்தெறிவதற்கு ஒப்பாகும். ஊசிக்குப் பின் கண் சிவந்து வலித்தாலோ, பார்வை குறைந்தாலோ, அன்றே மருத்துவரிடம் செல்க. பீடி, சுருட்டு இந்நோயை வளர்ப்பவை, அவற்றை விடுக.

ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துவிடும். எனவே, ஐம்பது வயது கடந்தோர் வாரமொருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடி, கதவு நிலையையோ பாவு இழையையோ நோக்குக. கோடு வளைந்தால் உடனே புறப்படுக. சங்கக் காரியதரிசிகள் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே இச்சோதனையை அங்கத்தினர்களுக்குக் கற்பிப்பார்களாக.