கணினி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

பிள்ளை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் எடுத்திருக்கிறது. கட்டாரிலிருந்து தகப்பனோ, கனடாவிலிருந்து மாமாவோ பணம் அனுப்பியிருக்கிறார். கடையில் "ஐ7 லப்டொப், பாவித்தது, விலை குறைவு" என்கிறார்கள். கல்முனையிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சி இது. பல மாதச் சேமிப்பு அரை மணி நேரத்தில் கைமாறிவிடுகிறது. வாங்கியது பிழைத்துப்போனால் இன்னொன்று வாங்க வழியில்லை.

2022 இல் நம் ரூபாவுக்கு நடந்ததை யாரும் மறக்கவில்லை. 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியது. கணினி முழுவதும் இறக்குமதிப் பொருள். ஆகவே இன்று வாங்குவது ஐந்தாறு வருடமாவது உழைக்க வேண்டும். அதற்கு என்ன பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரை.

முதற் கேள்வி: எதற்காக?

உயர்தரப் பாடத்துக்குத் தேவையான பைத்தன் நிரலாக்கம், இணையப் பக்கம் அமைத்தல், தரவுத்தளம் எல்லாமே கணினிக்கு இலகுவான வேலைகள். கடிதம், கணக்கு, சூம் வகுப்பு ஆகியவையும் அப்படித்தான். இவற்றுக்குத் தனியான கிராபிக்ஸ் அட்டையோ விளையாட்டுக்கான விலை கூடிய மடிக்கணினியோ தேவையில்லை. வீடியோ வெட்டுவது, கட்டட வரைபடம் கீறுவது தொழிலாக இருந்தால் மட்டுமே கணக்கு மாறும்.

"ஐ7" என்ற பெயரில் ஏமாற வேண்டாம்

இன்டெல் செயலியின் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். ஐ7-4600 என்றால் நான்காம் தலைமுறை. ஐ3-1215 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. பழைய அந்த ஐ7 ஐ விடப் புதிய இந்த ஐ3 வேகமானது.

இது வேகத்தோடு முடிகிற விடயமுமல்ல. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மடிக்கணினிகள் இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடையில் ஏதோ வழியில் விண்டோஸ் 11 ஐப் போட்டுத் தருவார்கள். ஆனால் பின்னால் வரும் இற்றைப்படுத்தல்களுக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

பழைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போட்டால் படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் இன்னும் சில வருடம் போகும்.

பணத்தை எங்கே போடுவது?

நினைவகம் (ரெம்) 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. பின்னர் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். சில மெல்லிய மடிக்கணினிகளில் அது பலகையோடு ஒட்டியே வருவதால் கூட்ட முடியாது. சேமிப்பகம் கட்டாயம் எஸ்எஸ்டி ஆக இருக்கட்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் பல கணினிகளை ஆமையாக்குகிறது. அதை மாற்றி எஸ்எஸ்டி போட்டாலே பழைய கணினியும் எழுந்து நடக்கும். 256 ஜிபி மாணவருக்குப் போதும்.

மேசைக்கணினியா, மடிக்கணினியா?

ஒரே விலைக்கு மேசைக்கணினி கூடுதல் வேகம் தரும். பழுதானால் பகுதி பகுதியாக மாற்றலாம். ஆனால் மின்சாரம் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்க அது உதவும், படிக்க உதவாது. மடிக்கணினி குறைந்த மின்சாரத்தில் ஓடும், பற்றரியும் உண்டு. வகுப்புக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ தூக்கிச் செல்லலாம். வீட்டில் ஒரே கணினி என்றால் மடிக்கணினியே பொருத்தம். கடையில் கணக்கு வைக்க என்றால் மேசைக்கணினி.

பாவித்ததை வாங்கும்போது

பற்றரி அறிக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்; விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. பற்றரி புதிதாக இருந்தபோதிருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் கொள்ளளவும் அதில் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் என்றால் புதிய பற்றரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கடையிலேயே அரை மணிநேரம் ஓட விடுங்கள். எல்லா விசைகளையும் அழுத்துங்கள். கமரா, ஒலி, வைஃபை, யுஎஸ்பி துளைகள், திரையின் பிணைச்சல் எல்லாவற்றையும் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்ட சில கணினிகளில் அந்த நிறுவனத்தின் பூட்டு இன்னும் இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும் பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டிக் கடவுச்சொல் கேட்கும். இணையத்தில் இணைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், எதற்கெல்லாம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

உறவுகள் அனுப்பும் கணினி

பிரான்சிலும் ஜேர்மனியிலும் சுவிஸிலும் விற்கும் கணினிகளில் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். நம் பள்ளிக்கூடத்து விசைப்பலகையில் பழகிய பிள்ளை அதில் தடுமாறும். வளைகுடாவிலிருந்து வருவதில் அறபு எழுத்து கூடுதலாக இருக்கும். அதனால் தொல்லை இல்லை. குரோம்புக் மலிவு, ஆனால் விண்டோஸ் மென்பொருட்கள் அதில் ஓடாது. அங்கே தரும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தமிழும் உப்புக் காற்றும்

பாமினி எழுத்துருவில் அடித்த மனு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

கடற்கரை வீடுகளில் உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரம் கணினியை வைக்க வேண்டாம். மாதக்கணக்கில் மூடியும் வைக்க வேண்டாம். மாரியில் இடி முழங்கினால் செருகியைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, கணினியை விடப் பெறுமதியானது

நம் பக்கத்தில் காகிதம் இழக்காத வீடு குறைவு. இடப்பெயர்வுகளில் காணி உறுதி போனது, பிறப்புச் சான்றிதழ் போனது. 2004 டிசம்பர் 26 இல் மிஞ்சியதையும் கடல் கொண்டுபோனது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. இறந்தவரின், காணாமற்போனவரின் ஒரு புகைப்படமும் இல்லாத தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆகவே புதுக் கணினியில் செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். உறுதி, சான்றிதழ்கள், அடையாள அட்டை, கொடுத்த மனுக்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். தொலைபேசியில் தெளிவாகப் படமெடுத்தாலும் போதும். ஒரு பிரதி கணினியில். ஒரு பிரதி பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ, கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில். இன்னொன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்தில். பிரதி மூலத்துக்கு ஈடாகாது. ஆனால் மூலம் போன பிறகு, பதிவு இலக்கத்தையும் திகதியையும் காட்டி மறுபிரதி கேட்க அது வழி தரும்.

கணினி பழுதானால் காசு சேர்த்து இன்னொன்று வாங்கலாம். அந்தப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வாங்கும் பட்ஜெட்டில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் இப்போதே இடம் வையுங்கள்.