காற்றைக் கேட்டு மாலத்தீவு போங்கள்

மாலத்தீவுப் பயணம் என்றதும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது விடுதியின் படங்களை. அடுத்துக் கேட்பது விலையை. இரண்டுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், போகிற வாரத்தில் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்பது. மழை, அலை, நீரின் தெளிவு, மீன்கள் கூடும் இடம், ஏன், தீவின் எந்தப் பக்கத்தில் மணற்கரை இருக்கும் என்பதுகூட அந்தக் காற்றைப் பொறுத்தது.

வடக்கே 7 பாகை அட்சரேகையில் தொடங்கி, நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கும் நாடு அது. சுமார் 860 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1,190 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200க்குள். பவளப்பாறை வளையங்களின் மேல் மணலும் உடைந்த பவளமும் குவிந்து உண்டான திட்டுகள் இவை. இந்த வளையத்துக்கு அட்டோல் என்று பெயர். நடுவில் காயல், விளிம்பில் பாறை, பாறை மேல் அங்கங்கே தீவு, அதற்கு வெளியே சட்டென்று இறங்கும் ஆழ்கடல். தரையின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து 1.5 மீட்டர்தான். குன்று என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வருகிற காற்றை மறிக்க எதுவுமில்லை.

காற்று ஆண்டில் இரண்டு முறை திசை மாறுகிறது. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. இது வறண்டது, கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டும் மழை மிகக் குறைந்த மாதங்கள். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. நம் கடற்கரைக்காரர்கள் வாடை என்றும் கச்சான் என்றும் பிரித்துப் பேசும் அதே காற்றுகள்தாம். மாலத்தீவின் மரபு நாட்காட்டி இந்தச் சுழற்சியை 27 பகுதிகளாக, 13 அல்லது 14 நாட்களுக்கு ஒன்றாக வெட்டி வைத்திருக்கிறது. அவற்றின் பெயர்கள் நம் பஞ்சாங்கத்திலுள்ள 27 நட்சத்திரங்களின் பெயர்களே, வரிசையும் அசுவினியில்தான் தொடங்குகிறது. எந்தப் பகுதியில் புயல் கிளம்பும், எதில் மீன் படும் என்று அங்கத்திய மீனவர்கள் அதைக்கொண்டே கணித்து வந்தார்கள்.

தென்மேற்குக் காலத்தில் போகவே கூடாது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மழை நாள் முழுக்கப் பெய்வதில்லை. அடித்துப் பெய்துவிட்டு வெயில் திரும்பும் நாட்களே அதிகம். விடுதிக் கட்டணமும் அப்போது இறங்கியிருக்கும். ஆனால் படகுப் பயணம் கடினம். அட்டோலுக்குள் ஓடும்வரை பாறை வளையம் அலையைத் தாங்கிக்கொள்ளும். ஓர் அட்டோலிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது திறந்த கடல் படகைத் தூக்கிப் போடும். படகின் ஆட்டத்தைக் காது சொல்ல, அறைக்குள் பார்க்கும் கண் ஆட்டமே இல்லை என்று சொல்ல, இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை போடுவதானால் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டாக வேண்டும்.

கடற்கரைக்கு வருவோம். பாறை மேல் தளர்வாகக் கிடக்கும் மணலை அலை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. மேற்கிலிருந்து அலை வரும் மாதங்களில் மணல் தீவைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய்ச் சேர்கிறது. காற்று திரும்பியதும் அதுவும் திரும்புகிறது. புவியியலாளர்கள் மாலத்தீவின் சிறு தீவுகளை அளந்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். பிப்ரவரியில் எடுத்த படத்தில் அகலமாகத் தெரியும் கரை, ஜூலையில் ஒடுங்கிப்போய், தென்னையின் வேர் வெளியே தெரிய நிற்கலாம். அதே தீவின் மறுபக்கத்தில் அப்போது புதுக்கரை விரிந்திருக்கும். அறையைப் பதிவு செய்யும்போது, ‘நாங்கள் வருகிற மாதத்தில் எந்தப் பக்கம் மணல் இருக்கும்?’ என்று கேளுங்கள். தீவுக்காரர்கள் உடனே பதில் சொல்வார்கள்.

நீரோட்டமும் காற்றோடு திரும்புகிறது. தென்மேற்குக் காலத்தில் ஓட்டம் மேற்கிலிருந்து கிழக்கே பாயும். ஆழத்துச் சத்துகள் மேலேறி, அட்டோல்களின் கிழக்கு ஓரத்தில் மிதவை நுண்ணுயிர்கள் பெருகும். நீர் கலங்கும். கலங்கல் பிடிக்காதவர்கள் அப்போது மேற்கு ஓரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தக் கலங்கலைத் தேடித்தான் மான்ட்டா எனப்படும் பெருந்திருக்கைகள் வருகின்றன. பா அட்டோலின் கிழக்கு விளிம்பிலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில், மே முதல் நவம்பர் வரை, ஏற்றநீர் இந்த இரையை உள்ளே தள்ளிச் சிக்கவைக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் செட்டை விரிக்கும் திருக்கைகள் வாயைத் திறந்தபடி வரிசை கட்டிச் சுற்றுகின்றன. 2011இல் யுனெஸ்கோ பா அட்டோலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. ஸ்நார்க்கெல் கட்டி மிதந்தபடி பார்க்கலாம், தொடக் கூடாது.

பாறை ஓரத்தில் தலையை நீருக்குள் அமிழ்த்தினால் முதலில் காதில் விழுவது ‘கரக், கரக்’ என்ற கொறிக்கும் சத்தம். நீலமும் பச்சையுமாகத் திரியும் கிளிமீன்கள், அலகு போன்ற பல்லால் செத்த பவளத்தின் மேல் படர்ந்த பாசியைச் சுரண்டுகின்றன. கூடவே சுண்ணாம்பும் வயிற்றுக்குள் போகிறது. அரைபட்டு வெள்ளைத் தூளாக வாலருகே புகைபோல் வெளியேறுகிறது. நாம் காலாற நடக்கும் வெண்மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். வக்காரு என்ற தீவில் நடந்த ஆய்வில், புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்களின் வேலை என்று தெரிந்தது. பாறை செத்தால் மீன் போகும், மீன் போனால் மணல் போகும். 1998இலும் 2016இலும் கடல் சூடேறி ஏராளமான பவளங்கள் வெளுத்தன. மீண்டு வரும் பவளத்தின் மேல் ஒருமுறை கால் ஊன்றி நின்றால்கூட, பல ஆண்டு வளர்ச்சி முறிந்துவிடும். நீந்தத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் மிதவைச் சட்டை கேட்டு அணியுங்கள். கால் ஊன்ற வேண்டிய தேவையே வராது.

பயண நேரத்தைத் தீர்மானிப்பது வெளிச்சம். தொலைவான தீவுகளுக்கு இட்டுச் செல்லும் கடல்விமானங்கள், விமானி கண்ணால் அலையைப் பார்த்து இறங்குபவை. அதனால் பகலில் மட்டுமே பறக்கும். நிலநடுக்கோட்டருகே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியையொட்டி இருட்டிவிடும். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு வெலானா விமான நிலையத்தில் இறங்கினால், அன்றிரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோதான் தங்க வேண்டியிருக்கும். பயணச்சீட்டு எடுக்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். கடல்விமானத்தில் பெட்டியின் எடை பொதுவாக 20 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

வெயிலையும் லேசாக எண்ண வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் நடுவிலும் மாலேயில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு கருகுவது தெரிவதில்லை. புற ஊதாக் கதிர் நீரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல்.

குடிநீர் விஷயம் பலருக்கும் தெரியாது. தீவின் மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலை தீப்பற்றியபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. குளியலறைக் குழாயை அளவாகத் திறக்க இந்த ஒரு செய்தி போதும். குப்பைக்கும் இடமில்லை; மாலேயின் குப்பையைக் கொட்டவென்றே திலஃபுஷி என்ற தீவை 1992 முதல் பயன்படுத்துகிறார்கள். பிளாஸ்டிக் உறைகளை ஊரிலேயே பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்கூபா செய்பவர்கள் அதை முதல் நாட்களிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் தசைகளில் கரைகிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியிடும். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். விமானத்துக்குள் அழுத்தம் குறைவு. ஒரே ஒரு முறை மூழ்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர்கள் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும். கடல்விமானமும் இதில் சேர்த்தி. பொழுதுபோக்காக மூழ்குபவர்களுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த எல்லை 30 மீட்டர்.

அப்படி ஒதுக்கும் கடைசி நாளை மாலேயில் செலவிடலாம். சில விதிகளையும் மறக்க வேண்டாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இமுகா இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். மதுவும் மின்சிகரெட்டும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பவளத்துண்டும் மணலும் வெளியே கொண்டுவரக் கூடாது. கொண்டுவரத் தகுந்தது மாலே மீன் சந்தையை ஒட்டிய கடைகளில் கிடைக்கிறது: தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாக இறுகும்வரை வெயிலில் காயவைத்த மாசி. தூத்துக்குடி அடுப்படிகளிலும் இலங்கைச் சமையலிலும் இடம்பிடித்த சரக்கு அது. காற்றுப்புகாத உறையில் கட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி முழுக்க மணக்கும்.