சந்தா கட்டினால்தான் திறக்கும் மொய்ப் பத்திரிகை

ஆடி பிறப்பதற்கு முன்பே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கத்து டிசைன் கடைகளில், மொய் வாங்கவென்றே வைக்கும் மொய் விருந்தின் பத்திரிகை வேலை சூடுபிடித்துவிடும். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பது வழக்கமாகிவிட்டதால், ஒரே தாளில் அத்தனை பேரின் படமும் ஊரும் தகப்பனார் பெயரும் இடம்பெற வேண்டும். யார் படம் மேலே, யார் படம் கீழே என்பதில் மனத்தாங்கல் வந்து, அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை கடையிலேயே நின்றுபோவதும் உண்டு. ஒரு முறை விருந்து வைத்தவர் மறுபடி வைக்க ஐந்தாண்டு ஆகும். அப்போது பழைய பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். “தம்பி, போன தடவை நீங்க அடிச்சதுதான். இதே மாதிரி போட்டு, தேதியும் ரெண்டு பேரும் மட்டும் மாத்திக் குடுங்க.”

கடைக்காரரின் பிழைப்பே இதை நம்பித்தான். புதிதாக வடிவமைத்தால் அரை நாள் போய்விடும். பழைய ஃபைலைத் திறந்து மாற்றினால் அரை மணி. கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று பிளக்ஸ் வேலை எல்லாமே இப்படித்தான் ஓடுகிறது. கல்யாண ஆல்பம் போடுகிறவர்களிடம் 12-க்கு 36 அளவில் பி.எஸ்.டி. ஃபைல்கள் டிவிடி டிவிடியாக அடுக்கியிருக்கும். கடையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் பழைய இரும்பு விலைகூடத் தேறாது. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதுதான் சொத்து.

இந்த ஃபைல்களைத் திறக்கும் போட்டோஷாப் வகையறா மென்பொருள்கள் சந்தாவுக்கு மாறிய கதை வாசகர்கள் அறிந்ததே. 2012-ல் வந்த சி.எஸ். 6 தான் ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கக் கிடைத்த கடைசிப் பதிப்பு. 2013 மே மாதம், இனிமேல் சந்தா மட்டுமே என்று அறிவித்துவிட்டார்கள். மாதம் எவ்வளவு ஆகிறது, கட்டுப்படியாகிறதா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. அதற்கான பதில் சிறியது. புதுக்கோட்டையில் இந்தத் தொழிலுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பருவம்தான். தையில் ஜல்லிக்கட்டு, ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான் என்பதால் மார்கழிக் கடைசியிலேயே அந்த வேலை வந்துவிடும். வைகாசியில் முகூர்த்தம், ஆடியில் மொய். புரட்டாசியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். சந்தாவுக்குப் புரட்டாசி தெரியாது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு தேதி தவறாமல் வந்து நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, அறந்தாங்கி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சந்தா மென்பொருளோ, குறிப்பிட்ட நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்துக்கு வந்து தலைகாட்டச் சொல்லும் ரகம்.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. சி.எஸ். 6 போட்டோஷாப்பின் அமெரிக்க விலை 699 டாலர். அந்தத் தொகையை மொத்தமாகப் புரட்ட முடியாத இளைஞர்கள் இன்று சிறு தொகையில் புதிய பதிப்பிலேயே வேலை பார்க்கிறார்கள். சரிதான்.

என் கவலை பணத்தைப் பற்றியதல்ல. சந்தா நின்ற மறுநாள் அந்தப் பழைய மொய்ப் பத்திரிகை என்ன ஆகும் என்பதுதான். ஃபைல் கடைக்காரரின் ஹார்ட் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். திறக்கும் சாவி மட்டும் வேறு எங்கோ இருக்கும்.

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஓடியது காசு கொடுத்து வாங்கிய பிரதி அல்ல என்பது ஊரறிந்த ரகசியம். 2002-ல் வந்த போட்டோஷாப் 7 இன்னும் பல கம்ப்யூட்டர்களில் ‘கிராக்’ தயவில் மூச்சு விடுகிறது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். திருட்டுப் பிரதி வைத்திருப்பவர் பத்து வருடம் கழித்தும் தன் ஃபைலைத் திறந்துகொள்வார். ஒழுங்காக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து மாதாமாதம் கட்டியவர், கட்ட முடியாத மாதத்தில் தன் வேலையைத் தானே பார்க்க முடியாமல் நிற்பார். நேர்மைக்கு இப்படி ஒரு தண்டனையா?

தமிழுக்கு இதில் கூடுதலாக ஓர் இடி. தொண்ணூறுகளில் இங்கே டி.டி.பி. என்றாலே பேஜ்மேக்கர்தான். உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்பு, பள்ளி ஆண்டு மலர், கோயில் தல வரலாறு, சிற்றிதழ் என்று எல்லாம் அதில் பிறந்தவை. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு அதன் ஆயுள் முடிந்தது. அதன் வாரிசான இன்டிசைன், பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்து தந்துகொண்டிருந்தது, அதுவும் சி.எஸ். 6 வரைக்கும்தான். பின்னால் வந்த சந்தாப் பதிப்புகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஆக, விலைக்குக் கிடைத்த கடைசிப் பதிப்புதான் பழைய தமிழ் ஃபைல்களுக்கு இன்டிசைன் விட்டுவைத்த கடைசி வாசலும். அதில் நுழைந்தாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்கு முன் தட்டச்சு செய்த கோடிக்கணக்கான வரிகளுக்கு ஆணை ஏது?

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் வெளியே நடந்ததைக் கேளுங்கள். 2019 அக்டோபரில், அமெரிக்கத் தடை உத்தரவைக் காரணம் காட்டி வெனிசுவேலா நாட்டுப் பயனர்களின் போட்டோஷாப் கணக்குகள் அனைத்தும் முடக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. சில வாரங்களில் உரிமம் பெற்று அதைத் திரும்பப் பெற்றார்கள் என்பது வேறு விஷயம். 2022 நவம்பரில் இன்னொரு கூத்து. போட்டோஷாப்பில் பான்டோன் என்ற தர வண்ணங்களுக்குத் தனிக் கட்டணம் என்றாகி, அவற்றைப் பயன்படுத்திய பழைய ஃபைல்களைத் திறந்தபோது, அந்த நிறங்கள் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தன. என்றோ முடித்துக் கொடுத்த வேலையின் நிறம், இன்றைய ஒப்பந்தத்தால் மாறுகிறது.

மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் மூன்றும் இலவசம், கட்டற்றவை. ஆனால் போட்டோஷாப் ஃபைலை கிம்பில் திறந்தால் எழுத்து அடுக்கு பல வேளைகளில் வெறும் படமாகிவிடும். தேதியை மாற்ற முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும். ‘ஒரே தடவை வாங்கு, உனக்கே சொந்தம்’ என்று பெயர் வாங்கிய அஃபினிட்டி 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது. நல்ல சேதிதான், ஆனால் கணக்குத் தொடங்கித்தான் உள்ளே போக வேண்டும். இலவசமாகத் திறந்த கதவு நாளை எப்படி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்ற தனியார் ஆய்வு நூலகம் இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். அவற்றில் முதல் பதிப்புகள் ஏராளம். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த புத்தகத்தை அங்கே கையில் எடுத்து வாசிக்கலாம். அச்சகம் என்றோ மூடியிருக்கும், அச்சிட்டவர் போய்ச் சேர்ந்திருப்பார். புத்தகம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதே ஊரில் 1998-ல் பேஜ்மேக்கரில் செய்த ஆண்டு மலரின் மூல ஃபைலைத் திறக்க இன்று எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டும். சந்தாவில் செய்த இன்றைய மலர்களுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரும் உதவாது.

கடைக்காரர்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் மூல ஃபைலோடு ஒரு பி.டி.எஃப்., முழு அளவில் ஒரு ஜேபெக், இன்டிசைன் என்றால் ஐ.டி.எம்.எல். பிரதி ஒன்று, பயன்படுத்திய எழுத்துரு, எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பி.டி.எஃப். 2008 முதல் உலகத் தரநிலை. எந்த ஒரு நிறுவனத்தின் சந்தாவையும் நம்பி அது இல்லை. பழைய பேஜ்மேக்கர் கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் அதில் உள்ளதை பி.டி.எஃப். ஆக்கிவிடுங்கள். பத்திரிகையோ ஆல்பமோ அடிக்கக் கொடுப்பவர்கள், மீதிப் பணத்தைக் கொடுக்கும்போதே அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்கள் போகும்போது, அந்தக் கடை சந்தா கட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.