ஜரிகையை உரசிப் பார்க்கும் காஞ்சிபுரம்... சீஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறதா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெண் கலரைப் பார்ப்பாள். அம்மா முந்தானையை விரித்துப் பார்ப்பார். கூட வந்த பாட்டியோ புடவையைப் புரட்டி, ஜரிகை இழையை நகத்தால் லேசாகச் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால்தான் அவர் முகத்தில் நிம்மதி வரும்.

அதே குடும்பம் வீடு திரும்பும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைகிறது. பேரனுக்குப் பிடித்த சீஸ் பாக்கெட் கூடையில் விழுகிறது. விலையை மட்டும் ஒரு நொடி பார்க்கிறார்கள். எடை எவ்வளவு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு சீஸ் என்பது பெரிய நகரத்துச் சமாசாரம். இன்று சீஸ் தோசை போடாத டிபன் கடை குறைவு. ‘பால்தான் குடிக்க மாட்டேங்கிறான், சீஸாவது சாப்பிடட்டும்’ என்று டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பும் அம்மாக்களும் அதிகம். அந்தக் கணக்கு பலிக்க இரண்டு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, பாக்கெட்டின் எடை. இன்னொன்று, சீஸுக்குள் இருக்கும் பால்.

விலை அப்படியே... எடை எங்கே?

விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். எடையைக் குறைத்தால் பல நாள் தெரியாது. இதைத்தான் ‘ஷ்ரிங்க்ஃப்ளேஷன்’ என்கிறார்கள். 2022-ல் பாமாயில் விலை எகிறியபோது, இந்தியாவில் 5 ரூபாய், 10 ரூபாய் பிஸ்கட், நொறுக்குத்தீனி பாக்கெட்டுகளும் சோப்புகளும் விலை மாறாமல் இளைத்தது நினைவிருக்கலாம்.

சீஸில் இது கண்ணில் படுவது இன்னும் கடினம். காரணம், நாம் துண்டுகளை எண்ணுகிறோம், எடையைப் பார்ப்பதில்லை. ஓர் உதாரணம்... 10 துண்டுகள் கொண்ட 200 கிராம் பாக்கெட் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 70 பைசா. அதே 10 துண்டு, அதே 140 ரூபாய், ஆனால் எடை 180 கிராம் என்றால், கிராமுக்கு கிட்டத்தட்ட 78 பைசா. விலை 11 சதவிகிதம் ஏறிவிட்டது. ஒவ்வொரு துண்டிலும் 2 கிராம்தான் குறைந்திருக்கிறது. அதை எந்தக் கண் கண்டுபிடிக்கும்?

முன்பு பிஸ்கட், டீ, சமையல் எண்ணெய் உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை அரசு குறித்த அளவுகளில்தான் பாக்கெட் போட முடியும். 2021-ல் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக நமக்கு ஓர் ஆயுதம் தந்தது. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில், ஒரு கிராம் என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிப்பவர்கள்தான் குறைவு.

2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. விலை இறங்கியிருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், எடையும் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சீஸுக்குப் பேர்போன பிரான்ஸ் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 ஜூலை முதல், ஒரு பொருளின் எடை குறைந்து அதன் அளவுக்கேற்ற விலை ஏறினால், பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அதை அலமாரி அருகிலேயே இரண்டு மாதங்களுக்கு அறிவிப்பாக வைக்க வேண்டும்.

சீஸா... சீஸ் மாதிரியா?

ஒரு கிலோ சீஸ் செய்ய சுமார் 10 லிட்டர் பால் தேவை. பால் விலை ஏறும்போது, பாலைக் குறைக்கும் ஆசையும் கூடவே வரும்.

முதல் வழி, தண்ணீர். நம் ஊரில் அதிகம் விற்பது பிராசஸ்டு சீஸ். கட்டியாக வரும் இந்த சீஸில் ஈரப்பதம் 47 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. ரொட்டியில் தடவும் சீஸ் ஸ்ப்ரெட்டில் 60 சதவிகிதம் வரை இருக்கலாம். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால், இரண்டையும் ஒரே சீஸ் என்று நினைத்து வாங்கினால் நஷ்டம் நமக்கு.

இரண்டாவது வழி, எண்ணெய். பால் கொழுப்புக்குப் பதிலாக பாமாயில் போன்ற தாவர எண்ணெயைச் சேர்த்துச் செய்வது ‘அனலாக்’. பார்க்க சீஸ் போலவே இருக்கும், உருகும். இதைச் சாப்பிடவே கூடாது என்பதில்லை. ஆனால், இதை ‘சீஸ்’ என்ற பெயரில் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. பாமாயிலில் கால்சியமும் இல்லை, புரதமும் இல்லை. பாலுக்குப் பதிலாகப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்று நினைக்கும் அம்மா ஏமாறுவது இங்கேதான்.

ஜரிகை சொல்லும் பாடம்

இந்த ஏமாற்றம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளி விலை ஏற ஏற, செம்புக் கம்பியும் பாலியஸ்டர் நூலும் அந்த இடத்துக்கு வந்தன. சாதா ஜரிகைப் புடவை விற்பது தவறில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

ஊர் சும்மா இருக்கவில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசின் தமிழ்நாடு ஜரிகை ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் ஜரிகையைப் பரிசோதிக்க இயந்திரமும் வந்துவிட்டது. வாங்குபவர்கள் ‘இது அசலா?’ என்று விடாமல் கேட்டதற்கும் இதில் பங்கு உண்டு.

திருப்பிப் பாருங்கள்!

* துண்டுகளை எண்ணாதீர்கள். நிகர எடையைப் பாருங்கள்.
* இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது, ஒரு கிராம் விலையை வைத்து ஒப்பிடுங்கள்.
* சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதலிடத்தில் சீஸ் இருக்கிறதா, தண்ணீரும் தாவர எண்ணெயும் இருக்கின்றனவா என்று படியுங்கள்.
* முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். ஸ்ப்ரெட், அனலாக் போன்ற சொற்கள் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கலாம்.
* அச்சிட்ட எடையைவிடப் பாக்கெட் குறைவாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வாரம் ஒரு பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 கிராம் குறைவு என்றால், வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். அதாவது, ஐந்து பாக்கெட் சீஸ்!

புடவை எடுப்பது வாழ்க்கையில் சில முறைதான். சீஸ் பாக்கெட் வாரா வாரம் வீட்டுக்கு வருகிறது. அடுத்த முறை கூடையில் போடுவதற்கு முன், பாட்டி புடவையைப் புரட்டியதுபோல, பாக்கெட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.