ஆய்வுகளுக்கு மேல் ஓர் ஆய்வு ஏன்?

காபி நல்லதா? 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ‘குடை ஆய்வு’ இதற்காக யாருக்கும் காபி ஊற்றிக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே வெளிவந்த 200-க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை, அதாவது பல மூல ஆய்வுகளைச் சேர்த்து அலசியவற்றை, திரட்டியது.

எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் போதாதா? அங்கேதான் சிக்கல். ஒரே மூல ஆய்வு ஐந்து தொகுப்புகளில் இருக்கலாம். கள்ள ஓட்டுப் போல அது ஐந்து முறை எண்ணப்பட்டுவிடும். ஆகவே குடை ஆய்வு செய்பவர்கள் எந்தத் தொகுப்பில் எந்த ஆய்வு என அட்டவணை போட்டு, மறுபடி வருபவற்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரே கேள்விக்குப் பல தொகுப்புகள் இருந்தால் பெரும்பாலும் புதியதையோ பெரியதையோ எடுக்கிறார்கள். பிறகு ‘ஆம்ஸ்டார் 2’ என்ற 16 கேள்விப் பட்டியல் போன்றவற்றால் தொகுப்புகளின் தரம் பார்க்கிறார்கள். இந்தத் தரச் சோதனையைத் தவிர்த்தவர்களின் முடிவை நான் நம்பமாட்டேன்.

காபிக்கு வந்த தீர்ப்பு: நாளுக்கு மூன்று, நான்கு கோப்பை பெரும்பாலோருக்குத் தீங்கில்லை, கர்ப்பிணிகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.