சுழியோடிக்கு ஏன் தடித்த உடை?

நமது கல்முனைக் கடல் வெதுவெதுப்பானதுதானே, அதில் இறங்கும் சுழியோடிக்கு ஏன் குளிர்கிறது? உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ். கடல்நீரோ ஏறத்தாழ 28 பாகை. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நேரம் செல்லச் செல்ல உடல் குளிர்ந்துவிடும்.

இதைக் குறைப்பதே நியோபிரீன் எனும் இறப்பர் உடை. அதிலுள்ள நுண்ணிய வாயுக் குமிழிகள் உடற்சூட்டைக் காக்கின்றன. உடை தொளதொளவென்று இருந்தால், உள்ளே சூடேறிய நீர் வெளியேறிக் குளிர்நீர் புகுந்துவிடும்.

1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அமுக்கம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. குமிழிகள் நசுங்கி உடை மெலிவதால் குளிர் கூடும்.

நடுக்கம் உடல் தரும் எச்சரிக்கை. வெட்கப்படாமல் துணைவருக்குச் சைகை காட்டி, மெல்ல மேலேற வேண்டும். கரை சேர்ந்ததும் ஈர உடையைக் களைந்து, துடைத்து, உலர்ந்த உடை அணிவதே முதல் வேலை.