மரத்துக்குள் ஊறிய நீர்

கோடையில் ஆறு வறண்டால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பது நம் பக்கத்து வழக்கம். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். இன்னும் தோண்டினால் பக்கவாட்டில் நீர் கசிந்து, கலங்கி, பிறகு தெளியும். திருவக்கரை போகிறவர்கள் இந்தக் கசிவை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே மரத்தைக் கல்லாக்கியது இப்படி மணலுக்குள் ஊறிய நீர்தான்.

திண்டிவனத்துக்குத் தெற்கே, சங்கராபரணிக் கரையில் இருக்கிறது திருவக்கரை. நான் போனது பௌர்ணமியன்று. வக்கரகாளியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. கல்மரப் பூங்காவில் நான்கே பேர் இருந்தோம். செம்மண் மேட்டில் கட்டைகள் படுத்துக்கிடக்கின்றன. கணுவும் நார்வரியும் அப்படியே இருப்பதால், நேற்று அறுத்துப்போட்டவை போலத் தோன்றும். தொட்டால்தான் கல். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். சில 15 மீட்டர் நீளம்.

விழுந்த மரம் கரையானுக்கும் பூஞ்சைக்கும் போய்விடும். இவை தப்பியது, ஆற்று மணல் இவற்றைக் காற்றுப்புகாமல் மூடியதால். மணல் வழியே ஊறிய நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து, மரத்தின் செல்களுக்குள் படியவிட்டது. செல் செல்லாக நடந்த வேலை அது. அதனால்தான் இன்றும் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்து, இது புளிய மரக் குடும்பம் என்று சொல்ல முடிகிறது. ஆண்டு வளையங்கள் தெளிவாக இல்லை. வளர்ச்சியை நிறுத்தும் கடுங்குளிர் அன்று இங்கே இல்லை என்பதற்கு அது சாட்சி.

கிளை, இலை, வேர் எதுவும் இல்லை. இங்கேயே வளர்ந்து விழுந்திருந்தால் வேர் எங்கே? வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்த மரங்கள் இவை.

பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேரா 1781இல் இவற்றைக் குறித்துவைத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் இந்த இடத்தைக் காப்பில் எடுத்தது. பரப்பு 247 ஏக்கர், ஒன்பது துண்டுகளாக. நாம் பார்க்க முடிவது அதில் ஒரு சிறு பகுதி.

இந்த மரங்களைப் பொதிந்த கடலூர் மணற்கல் நெய்வேலி வரை போகிறது. அங்கே நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டேதான் பழுப்பு நிலக்கரி வெட்டுகிறார்கள். அங்கே புதைந்த தாவரம் எரிபொருளானது, இங்கே கல்லானது. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இந்தப் பக்கத்தில் இல்லை.

கட்டைகளைச் சுற்றி விரல் நீளச் சில்லுகள் சிதறிக்கிடக்கின்றன. என் முன்னால் போன பையன் ஒன்றைப் பொறுக்கினான். அம்மா எதுவும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்து, எடுத்த இடத்திலேயே அதை வைக்கச் செய்தார்.